ஒற்றைக் கண் மூடிய கோள்

செல்வகனி தன் கணினியில் எழுதி வரைந்த கோள், இருக்க வேண்டிய பெட்டியை விட்டு வெளியேறி, சிவகாசிக்கு மேலே, பெரிய கண்மாய்க்கும் ரயில்வே கேட்டுக்கும் நடுவானில், ஆரஞ்சு நிறமும் இடுப்பில் ஒரு வளையமும் முகத்தில் ஒரு கோணல் சிரிப்புமாக வந்து நின்ற ஆனி மாதக் காலையில், எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் கேட்ட கேள்வி அதன் நிழல் எங்கே விழுகிறது என்பதுதான். வெயிலை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. மருந்து தோய்த்த தீக்குச்சி காய வேண்டும், பசை தடவிய வெடிக்குழாய் காய வேண்டும், ஒட்டிய அட்டை காய வேண்டும். ஒரு மேகம் வந்தாலே அண்ணாந்து பார்த்துத் திட்டுகிறவர்கள் நாங்கள். ஆகவே பயராபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைகளிலிருந்து ஆட்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஊர் எல்லை வரைக்கும் போய், வானத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு சுற்றிவிட்டு, நிழல் என்று ஒன்று அதற்கு இல்லவே இல்லை என்று வந்து சொன்னார்கள். அதைக் கேட்டதும் ஊர் நிம்மதியாகி, கையிலிருந்த டீயைக் குடித்து முடித்து, வேலையைப் பார்க்கப் போனது.

அப்புறம்தான் இது யார் வேலை என்று விசாரித்தார்கள். கண்டுபிடிக்கப் பெரிய பாடு ஒன்றும் படவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வாசலில் நின்று சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருக்க, மாடிச் சன்னலிலிருந்து தலையை நீட்டி, வாயில் கையை வைத்தபடி நின்றவள் செல்வகனி ஒருத்திதான்.

செல்வகனிக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் பால்ராஜ் வீட்டு மாடியறையில் இருந்தாள். பால்ராஜ், காலண்டர்களின் தலையில் தகரப்பட்டி அடிக்கும் பட்டறை வைத்திருப்பவர். அவர் மனைவி முத்தரசி, வீட்டில் யார் மனதில் என்ன ஓடுகிறது என்பதை அடுப்படியில் இருந்தே கண்டுபிடித்துவிட்டு, அதைச் சொல்லாமலும் இருக்கத் தெரிந்தவள். செல்வகனி முன்பு கனகமணி அச்சகத்தில் காலண்டர் டிசைனராக இருந்தாள். முருகனுக்குப் பின்னால் மயிலையும் லட்சுமிக்குப் பின்னால் யானையையும் வைத்து வைத்துச் சலித்துப்போய், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு இணையப் பக்கங்கள் அமைத்துக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே பார்க்க ஆரம்பித்தாள்.

கம்பெனி வேலை முடிந்த பிறகு அவள் தனக்கென்று படம் வரைந்தாள். அந்தப் படத்துக்குத் தூரிகை கிடையாது, மவுஸால் கோடு இழுப்பதும் கிடையாது, எல்லாமே இணையப் பக்கத்துக்கு வடிவமும் நிறமும் சொல்லும் சிஎஸ்எஸ் என்ற எழுத்துதான். ஒரு பெட்டி போடு என்று எழுதுவாள், பெட்டி வரும். அதன் நாலு மூலையையும் முழுக்க மழுக்கு என்று எழுதுவாள், பெட்டி வட்டமாகும். ஒரு பக்கம் வெளுத்த ஆரஞ்சும் மறுபக்கம் அடர்ந்த ஆரஞ்சும் பூசு என்று எழுதுவாள், வட்டம் உருண்டையாகும். இன்னொரு வட்டத்தை நசுக்கிச் சாய்த்தால் வளையம், ஒரு முக்கோணத்துக்கு வால் வைத்தால் ராக்கெட். வானம் நிறைய நட்சத்திரம் வேண்டுமென்றால், ஒரே ஒரு புள்ளியை வைத்து அதற்கு இருநூறு நிழல் கொடுத்துவிடுவாள். மீசை வைத்த வியாழன், குடை பிடித்த வால்நட்சத்திரம், பல் தேய்க்கும் நிலா என்று அவள் மடிக்கணினிக்குள் வேடிக்கையாக ஓர் ஆகாயமே இருந்தது. அதை முத்தரசி மட்டும் டீ கொண்டுபோகும்போது பார்த்துச் சிரிப்பாள்.

கோள் வெளியே வந்ததற்குக் காரணம், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் செய்துவிடுகிற தப்புதான். பெட்டிக்குள் பெட்டி வைத்து, உள்ளே இருப்பதை இந்த இடத்தில் நில் என்று எழுதும்போது, அது எங்கிருந்து அளந்து நிற்க வேண்டும் என்பதற்காக வெளிப்பெட்டிக்கும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். மறந்தால், உள்ளே இருப்பது தன்னைச் சுற்றியுள்ள பெட்டியைக் கேட்கும். அது பதில் சொல்லவில்லையென்றால் அதற்கும் வெளியே இருக்கும் பெட்டியைக் கேட்கும். இப்படியே பெட்டி பெட்டியாகக் கேட்டுக்கொண்டு போய், கடைசியில் இணையப் பக்கத்தின் ஏதாவது மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வழக்கமாக அதோடு முடிந்துவிடும், வரியை எழுதினால் உள்ளே வந்துவிடும். செல்வகனியின் கோள் அன்று பக்கத்திலும் நிற்காமல், அதற்கும் வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போய், ஊருக்கு மேலே நின்றது.

அந்த ஒரு வரியை அவள் மறந்ததற்கும் காரணம் இருந்தது. முதல்நாள் மத்தியானம் சாப்பிடும்போது பால்ராஜ், ரசத்தை ஊற்றிக்கொண்டே, கனகமணி அச்சகத்து மிஷின்காரர் மகாலிங்கத்துக்கு நைரோபியில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, ஆடிப் பதினெட்டு முடிந்ததும் கிளம்புகிறார் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். செல்வகனி பாதிச் சோற்றோடு கையைக் கழுவிக்கொண்டு மாடியேறினாள்.

மகாலிங்கம் நாற்பதைத் தொட்டவர். தங்கைகளுக்கு ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் செய்து வைத்ததில் தன் வயது போனதைக் கவனிக்காதவர். செல்வகனி அச்சகத்தில் இருந்த வருஷமெல்லாம், முதல் தாள் மிஷினிலிருந்து வந்ததும் அதை எடுத்துக்கொண்டு டிசைன் அறைக்கு வருவார், அவள் மேசையில் விரிப்பார், சட்டைப்பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்துத் தாளின் மேல் வைத்துக் குனிவார். குனியும்போது இடது கண் மூடிக்கொள்ளும், உதடு வலது பக்கம் ஏறிக் கோணும், அப்படியே இருந்துகொண்டு மஞ்சள் கூடுதல் மேடம் என்பார், இல்லாவிட்டால் சிவப்புக் குறைச்சல் மேடம் என்பார். அச்சகத்துப் பெண்கள் எல்லோரும் அவரை அண்ணே என்று கூப்பிட்டார்கள். செல்வகனி மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பெயரையும் சொல்லாமல், முறையும் வைக்காமல், வாங்க, பாருங்க, இந்தாங்க என்றே அத்தனை வருஷத்தையும் ஓட்டினாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அச்சகத்தை விட்டும் வந்துவிட்டாள்.

அவர் போகிறார் என்று கேட்ட அன்று, வரைந்துகொண்டிருந்த கோளுக்கு முகம் வைக்க உட்கார்ந்தபோது, இடது கண்ணை மூடி வைத்தாள், உதட்டை வலது பக்கம் ஏற்றி வைத்தாள். விடிந்ததும் மறுபடி உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், எழுத வேண்டிய வரி விட்டுப்போனது. இப்போது முகம் ஊருக்கே தெரிய வானத்தில் நின்றது. அது யாருடைய முகம் என்று அந்த முகத்துக்காரருக்கு மட்டும் தெரியப்போவதில்லை, தெரியாமலே ஆடிப் பதினெட்டுக்கு அப்புறம் கடல் தாண்டிப் போய்விடுவார். யார்தான் லென்ஸில் குனிந்திருக்கும்போது தன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்?

காலண்டர் சங்கத் தலைவர் ஞானதிரவியம் அன்றைக்கே ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். செல்வகனி பெட்டிக் கணக்கை விளக்கி, ஒரு வரி எழுதினால் கோள் உள்ளே வந்துவிடும், எழுதட்டுமா என்று கேட்டாள். கேட்டாளே தவிர, எழுதச் சொல்லிவிடுவாரோ என்று கையைக் கணினிப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. ஞானதிரவியம் சன்னல் வழியாகக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“இருந்துட்டுப் போகட்டும்மா. நல்லாத்தானே இருக்கு. அவசரப்பட்டு உள்ள இழுத்து, வழியில எங்கயாச்சும் மாட்டிக்கிச்சுன்னா?”

போவதற்கு முன் அவருக்கு இன்னொன்றையும் காட்டினாள். விளையாட்டாக அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது அது: மவுஸின் அம்பு கோளின் மேல் வந்தால் மூடிய கண் திறக்கும், அம்பு விலகினால் மூடிக்கொள்ளும். திரையில் கோள் இருந்த இடம் இப்போது வெறும் கறுப்புப் பெட்டி. ஆனாலும் அந்தக் காலியிடத்தில் அம்பை வைத்தால் மேலே வானத்தில் கண் திறந்தது. ஞானதிரவியம், இன்னொருதரம் வையம்மா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, திருப்தியாக இறங்கிப் போனார். சாயங்காலத்துக்குள், குறுக்கே ஒரு காக்கா பறந்தாலும் கண் திறந்து மூடுகிறது என்று ஊர் தானாகவே தெரிந்துகொண்டது. காக்கா இருந்தால் காக்காயால், காக்கா இல்லாமல் திறந்தால் கனி மவுஸில் கை வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். அவள் அந்தப் பக்கம் அம்பைக் கொண்டுபோவதே இல்லை. அந்தக் கண் திறந்து தன்னைப் பார்ப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

இப்படியாகக் கோள் எங்கள் ஊரோடு பழகியது, நாங்களும் அதோடு பழகினோம். மேகங்கள் அதன் பின்னால் போயின. எண் பெரிதானால் முன்னால் நிற்கும் என்று அவள் அதற்குப் பெரிய எண் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தாளாம். கோளைச் சுற்றி ஓயாமல் வந்துகொண்டிருந்த சின்ன ராக்கெட்டைப் பெண்கள் அடுப்படிச் சன்னலிலிருந்து கவனித்து, இத்தனை சுற்றுக்குப் பருப்பு வேகும், இத்தனை சுற்றுக்கு இட்லி வேகும் என்று கணக்குப் பிடித்து, கடிகாரம் பார்ப்பதையே விட்டார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டினால் கோள் தெரியாது, அவள் எழுத்தின் எல்லை அதோடு முடிகிறது. அதனால் சாத்தூர் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு கேட்டருகே சட்டென்று முளைக்கும், போகிறவர்களுக்கு அதே இடத்தில் அணைந்துவிடும், கண்டக்டர்கள் அந்த இடத்துக்குக் கோள் ஸ்டாப் என்றே பெயர் வைத்து விசில் கொடுத்தார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டு நிறுத்தும் நாளில், செல்வகனியின் கணினி அணைந்துவிடக் கூடாதென்று சங்கத்திலிருந்து இன்வெர்ட்டர் ஒன்று மாடிக்கு வந்து சேர்ந்தது.

சிக்கல் வராமலும் இல்லை. பெண்கள் கல்லூரி முதல்வர், ஒரு கோள் நாள்முழுக்க மாணவிகளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருப்பது முறையல்ல என்று சங்கத்தில் வந்து சொன்னார். சங்கம் கூடிப் பேசியது. கண்ணடிப்பது என்றால் மூடித் திறக்க வேண்டும், எந்நேரமும் மூடியே இருப்பது கண்ணடிப்பதில் சேராது, நடுவில் திறப்பது காக்காய்க்காக, அதில் மாணவிகளுக்குச் சம்பந்தமில்லை என்று முடிவாகி, முதல்வரும் யோசித்துப் பார்த்து ஒத்துக்கொண்டார். ஜோசியரிடம் போய் இது எந்த வீட்டில் இருக்கிறது, யாருக்குத் தோஷம் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரு வாரம் தவணை சொல்லி, பஞ்சாங்கத்தைப் புரட்டி, இடம் பெயராத கிரகத்துக்குப் பெயர்ச்சி இல்லை, பெயர்ச்சி இல்லாததற்குப் பலனும் இல்லை, பரிகாரமும் இல்லை என்று சொல்லிவிட்டார். பரிகாரம் இல்லை என்றதில் கோவில் பூக்கடைக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

ஊர் அதிகம் பேசியது அந்த முகத்தைப் பற்றித்தான். ஒரு கண்ணும் ஒரு கோடும் ஒரு வளைவும், அவ்வளவுதான் அந்த முகம். ஆனால் அதைப் பார்த்த ஒவ்வொரு வீட்டுக்கும் அது தங்கள் ஆள் என்று தோன்றியது. மில்லில் வேலை பார்த்து விபத்தில் போன மாமா என்றார்கள், பிள்ளை பெற்ற கையோடு போய்ச்சேர்ந்த அக்கா இப்படித்தான் சிரிப்பாள் என்றார்கள், துபாய்க்குப் போய்த் திரும்பாத தம்பி என்றார்கள், ஒரு வீட்டில் கறவை மாட்டின் ஜாடை என்றுகூடச் சொன்னார்கள். யாரும் யாரிடமும் சண்டை போடவில்லை. உங்களுக்கு அக்கா, எங்களுக்கு மாமா, அதனால் என்ன என்று விட்டுக்கொடுத்து, காலையில் வாசல் தெளிக்கும்போது அண்ணாந்து ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லோரிலும் அழுத்தமாக உரிமை கொண்டாடியது பால்ராஜ்தான். அது எங்க அப்பா தவசிக்கனி, பெற்ற மகள் வரைந்தால் அப்பா முகம்தானே வரும் என்று பட்டறையில் வருகிற போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவர் அப்பா, டிரெடில் மிஷின் ஒன்றைக் காலால் மிதித்து மிதித்துக் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். கடைசிக் காலத்தில் இடது கண்ணில் புரை விழுந்து அந்தக் கண்ணை மூடியே வைத்திருந்தார். அவரைக் கேட்காமல் பால்ராஜ் அந்த மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார் என்பதற்காக, மகனிடம் ஒரு வார்த்தை பேசாமல், பேசச் சொல்லி யார் கெஞ்சியும் பேசாமல், செத்துப்போனார். இப்போது பால்ராஜ் பட்டறைக்குப் போகும்போதும் வரும்போதும் வண்டியை நிறுத்தி, கோளைப் பார்த்து, அப்பா நான் போயிட்டு வாரேன், அப்பா நான் வந்துட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தார். இதைக் கேட்ட பிறகு செல்வகனியால் உண்மையைச் சொல்லவே முடியாமல் போயிற்று. யார் முகம் என்று முத்தரசியை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆடிப் பதினெட்டு எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை வெளியிடும் நாள். அதற்கு முன்னால் சங்கம் கூடி, ஊருக்கு மேலே நிற்பதை ஊர்க் காலண்டரில் போடாமல் இருப்பது மரியாதையில்லை என்று தீர்மானித்து, கோளை ஒரு தனித்தாளாக அடிக்கும் வேலையைக் கனகமணி அச்சகத்துக்குக் கொடுத்தது. மகாலிங்கம் ஊரைவிட்டுப் போவதற்கு முன் அடிக்கும் கடைசித் தாள் அதுதான் என்று பேச்சு. ஆனால் அந்த ஆரஞ்சு வரவில்லை. மஞ்சளும் சிவப்பும் கலந்து பார்த்தார், மஞ்சளைக் குறைத்தார், சிவப்பைக் குறைத்தார், பளபளக்கும் தனி மையை வரவழைத்து அதையும் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தாளையும் அச்சக வாசலில் நின்று வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மேலே இருப்பது எரிந்தது, கையில் இருப்பது செங்கல்லாக இருந்தது. திரையின் நிறம் வெளிச்சத்தால் ஆனது, தாளின் நிறம் மையால் ஆனது, ரெண்டும் ஒட்டாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், போகிற நேரத்தில் ஒரு நிறம் தன்னிடம் படியாமல் போகிறதே என்று அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இது முத்தரசி காதுக்கு வந்தபோது அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, அந்த நிறத்தின் அசல் நம்ம வீட்டு மாடியில்தானே இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பால்ராஜிடம் சொன்னாள். அவர் அச்சகத்துக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

ஆடி பிறந்து ரெண்டொரு நாள் ஆகியிருந்தது. காற்று தூக்கியடித்துக்கொண்டிருந்த சாயங்காலம் நாலு மணிவாக்கில் மகாலிங்கம் வந்தார். தோய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை, விரல் இடுக்கில் போகாத மை, கையில் சுருட்டிய தாள்கள். முத்தரசி அவரை வாங்க அண்ணே என்று கூப்பிட்டு, மேலே போங்க, டீ கொண்டு வாரேன் என்றாள். மேலே நடந்ததாகவும் பேசியதாகவும் இங்கே சொல்வதெல்லாம் அவள் படியில் டம்ளரோடு நின்று பார்த்ததும் கேட்டதும்தான். ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னாள்.

செல்வகனி எழுந்து நின்று, வழக்கம்போலப் பெயரும் முறையும் இல்லாமல், உக்காருங்க என்றாள். அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே மேடம் அந்தக் கலர் என்று கேட்டார். இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது என்று அவள் திரையைக் காட்டினாள். அங்கே கறுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் அதை நம்பவில்லை. தாளில் கண்ணுக்குத் தெரியாத புள்ளியெல்லாம் லென்ஸில் தெரிவதைப் பார்த்தே பழகியவர், ஏதாவது ஒரு துளி ஆரஞ்சாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். ஊன்றிக்கொள்ள மறு கையை மேசையில் வைத்தார், கைக்கு அடியில் மவுஸ் இருந்தது. திரைக்கு நேரே குனிந்தார், இடது கண் மூடிக்கொண்டது, உதடு வலது பக்கம் ஏறியது.

லென்ஸ் கண்ணாடியைத் தொடவில்லை, ஒரு சாண் தூரத்திலேயே நின்றுவிட்டது. கறுப்புத் திரையில் லென்ஸோடு குனிந்த ஒரு முகம் தெரிந்தது. ஒரு கண் மூடி, வாய் கோணி, அவரைப் பார்த்தது. அவர் அசையாமல் அதைப் பார்த்தார். அப்புறம் அந்த முகத்தை மாற்றாமலே, மெதுவாகத் தலையை மட்டும் சன்னல் பக்கம் திருப்பி, வானத்தில் அதேபோல ஒரு கண் மூடி இருந்ததைப் பார்த்தார். திரும்பவும் திரையைப் பார்த்தார்.

“மேடம், இது நானா?”

“ஆமா.”

“எப்ப வரைஞ்சது?”

“நீங்க போறீங்கன்னு அண்ணன் சொன்ன அன்னைக்கு.”

அவர் லென்ஸை மேசையில் வைத்தார். வைத்த அசைவில் இன்னொரு கைக்கு அடியில் மவுஸ் நகர்ந்து, அம்பு அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் போய் நின்றது, கையை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

“நீங்க ஒருத்தர்தான் என்னை அண்ணேன்னு கூப்பிட்டதே இல்ல. மரியாதைக்குறைவா நினைக்கிறீகளோன்னுதான் நான் நினைச்சேன்,” என்றார். அப்புறம், “முன்னாடியே சொல்லியிருந்தா நான் பாஸ்போர்ட்டே எடுத்திருக்க மாட்டேனே,” என்றார்.

“எப்படிச் சொல்லன்னு தெரியல,” என்றாள் செல்வகனி. அதற்கப்புறம் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் வராதது மொத்தமாக வந்தது, அவர் முன்னாலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழாதீங்க மேடம் என்று அவர் சொன்னதற்கு, மேடம்னு சொல்லாதீங்க என்று முந்தானைக்குள்ளிருந்தே பதில் சொன்னாள்.

முத்தரசி டம்ளரைக் கீழே சிந்தாமல், கொலுசு சத்தம் கேட்காமல், வந்த வழியே படியிறங்கி முற்றத்துக்கு வந்தாள். வந்து அண்ணாந்து பார்த்தாள். கோளின் இடது கண் திறந்திருந்தது.

திறந்தது மூடவில்லை. குறுக்கே காக்கா இல்லை, பட்டம் இல்லை, ஆடிக்காற்று மட்டும்தான் இருந்தது. ராக்கெட் சுற்றி வந்தது, மறுபடி சுற்றி வந்தது, கண் ரெண்டையும் விரித்து அது ஊரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பயராபீஸ் விட்டு வந்த பெண்கள் வேன் கதவைப் பிடித்தபடி நின்று பார்த்தார்கள். டீக்கடையில் பாலை ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தினார். கல்லூரி முதல்வர் கட்டைச்சுவரோரம் வந்து நின்று, இதைச் சங்கத்தில் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று உள்ளே போனார். ஞானதிரவியம் கனகமணி அச்சகத்துக்கு போன் போட்டு, கோளின் கண் எப்படி அடித்திருக்கிறது என்று கேட்டார், மூடித்தான் அடித்திருக்கிறது, அச்சுத் தகடும் அப்படியே தயாராகிவிட்டது, மிஷின்காரரும் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். எங்கே போயிருக்கிறார் என்று கேட்டு, பதிலைக் கேட்டு, மூடியே அடிங்கப்பா, அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று போனை வைத்துவிட்டார். ஊர் மொத்தத்துக்கும் ஒன்று விளங்கியது: கனி வீட்டு மாடியில் ஒரு கை மவுஸின் மேல் இருக்கிறது, ரொம்ப நேரமாக அசையாமல் இருக்கிறது. யாருடைய கை என்று சிலர் ஊகித்தார்கள். ஊகித்தவர்கள் தங்கள் மாமாவையும் அக்காவையும் விட்டுக்கொடுக்காமல் அதையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள்.

பால்ராஜ் வழியெல்லாம் வானத்தைப் பார்த்தபடியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, முற்றத்தில் நிறுத்தி, ஸ்டாண்டு போடக்கூட மறந்து நின்றார். அவர் கன்னம் நனைந்திருந்தது.

“அப்பா கண்ணைத் திறந்துட்டாரு,” என்றார்.

“ஆமா. நானும் பார்த்துக்கிட்டுத்தான் நிக்கேன்,” என்றாள் முத்தரசி.

“காக்கா ஒண்ணும் இல்லையே. கனி கை வச்சிருப்பாளோ?”

“கனி கை மவுஸ்ல இல்லங்க. நான் இப்பத்தான் மேல போயிட்டு வாரேன்.”

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பால்ராஜ் அவளைப் பார்த்தார், வாசலில் கிடந்த அறிமுகமில்லாத செருப்பைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார்.

“மேல யாரு?”

“மகாலி அண்ணன். கலர் பார்க்க வந்திருக்காக.”

அவர் மறுபடி அண்ணாந்து, திறந்திருந்த அந்தக் கண்ணை வெகுநேரம் பார்த்தார். தங்கையைப் பற்றி, மிஷின்காரரைப் பற்றி, அவர்கள் இனம் வேறு நம் இனம் வேறு என்று எப்போதோ யாரிடமோ தான் சொன்னதைப் பற்றி அவர் என்னவெல்லாம் நினைத்தார் என்று எங்களுக்குத் தெரியாது. கடைசிவரை தன்னிடம் பேசாமல் போன அப்பா, அந்த ஆள் வீட்டுக்குள் வந்த நேரமாகப் பார்த்துக் கண்ணைத் திறந்திருக்கிறார் என்பது மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரிப்பா,” என்றார் வானத்தைப் பார்த்து. அப்புறம் முத்தரசியைப் பார்த்து, “அவரைக் கிளம்ப வேண்டாம்னு சொல்லு, ஆடி முடியட்டும்,” என்றார்.

முத்தரசி ஆறிப்போன டீயை அடுப்பில் ஏற்றி, இன்னும் ரெண்டு டம்ளர் பாலை ஊற்றினாள்.